பழைய காருக்கு அதே பழைய கலர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் பெயின்ட் கலந்து கொடுப்பது என் தொழில். வருவதில் முக்கால்வாசி லாரி. மீதிக் கால்வாசியில்தான் அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் கிடக்கும் பழைய ஜீப் எல்லாம் வரும். லாரிக்காரர் ஷேடு கார்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பழைய கார்க்காரர் அப்படிப் போகமாட்டார், ரெண்டு டீ குடித்து முடிக்கும்வரை கேள்வி கேட்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன்.

"வண்டி எந்தக் கலர்ல வந்துச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது? ஆர்.சி. புக்கைப் பார்த்தா போதாதா?"

ஆர்.சி.யில் 'பச்சை' என்று இருக்கும். வாழைக்குருத்தும் பச்சைதான், மாவிலையும் பச்சைதான். அதை வைத்துக்கொண்டு ஒரு சொட்டுகூடக் கலக்க முடியாது. இடையில் யாராவது கலர் மாற்றிப் பதிந்திருந்தால் அந்தப் 'பச்சை'யும் முதல் கலராக இருக்காது.

காரையே கேளுங்கள். வெயிலும் பாலிஷும் எட்டாத இடங்கள் எல்லாக் காரிலும் உண்டு. டிக்கி விரிப்புக்கு அடி, பின்சீட்டுக்குக் கீழே, டேஷ்போர்டின் பின்புறம், கதவு ரப்பர் பீடிங்கின் உள்மடிப்பு, பெயர் எழுத்துகளைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும் தகடு. இரண்டு கலர் வண்டியாக இருந்தால் நடுவில் ஓடும் குரோம் பட்டையைக் கழற்றுங்கள். இரண்டு கலரும் சந்திக்கும் கோடு அங்கே அப்படியே இருக்கும்.

என் 1976 மாடல் பத்மினியில் கடைசியில் கைகொடுத்தது இடது பின்கதவு. உள்பக்க அட்டையைப் பிடித்திருந்த கிளிப்புகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். ஈரத்தில் ஊறி உப்பியிருந்த அட்டை பாதி கையோடு வந்துவிட்டது. பின்னால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தால், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிர்ப்பச்சை. மேலே இருந்த வெள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிஞ்சு மாங்காயை நறுக்கினால் தோலை அடுத்து ஒரு நிறம் வருமே, அதுதான். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்ததும் நேற்று அடித்தது போலப் பளிச்சென்றது.

"கம்பெனிக் கலர் நம்பர் தகட்டுலயே இருக்குமாமே?"

வெளிநாட்டு வண்டிகளில் இருக்கும். பழைய மெர்சிடிஸ் என்றால் டி.பி. என்று தொடங்கும் எண், டி.பி. 040 கறுப்பு. பீட்டில் கார் என்றால் எல் என்ற எழுத்தோடு ஓர் எண். எல் 41 கறுப்பு. மோரிஸ், ஆஸ்டின் செய்த பி.எம்.சி. கம்பெனி நிறக் குடும்பத்துக்கு இரண்டு எழுத்து வைத்திருந்தது. பச்சைக்கு ஜி.என்., வெள்ளைக்கு டபிள்யூ.டி., சிவப்புக்கு ஆர்.டி. அவர்களுடைய ஆல்மண்ட் கிரீன், ஜி.என். 37. செவர்லே மாதிரியான அமெரிக்க வண்டிகளுக்கு எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் தனியாக ஒரு பிளேட் அடித்திருப்பார்கள்.

எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பாதிதான். அந்த எண்ணுக்கு இன்று கம்ப்யூட்டர் கொடுக்கும் ஃபார்முலா, இன்றைய சாயப்பொடிகளை வைத்து யாரோ எப்போதோ எழுதியது. இரண்டு கம்பெனியிடம் கேட்டால் இரண்டு ஃபார்முலா வரும். நம் ஊர் அம்பாசடர், பத்மினிக்கு எண்ணைத் தேடி அலைவதைவிடக் கதவு அட்டையைக் கழற்றுவது சுலபம்.

"மேல மூணு நாலு கோட்டிங் இருக்குதுங்க. எல்லாத்துக்கும் அடியில இருக்கிறதுதானே ஒரிஜினல்?"

பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் அவசரப்படக் கூடாது. 800 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓர் இடத்தை வட்டமாகத் தேயுங்கள். தகடு தெரிய ஆரம்பித்ததும் 1500 பேப்பருக்கு மாறி ஓரங்களைச் சரித்துவிடுங்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிவது போல வளையம் வளையமாக எல்லாப் பூச்சும் தெரியும். நடுவில் தகடு, அதை ஒட்டிப் பிரைமர், பிறகு மேடு பள்ளத்தைச் சமன்செய்ய அடிக்கும் சர்ஃபேசர், அதற்கு வெளியே முதல் கலர். செங்காவி நிறத்தில் தெரியும் ரெட் ஆக்ஸைடு பிரைமரைப் பார்த்துவிட்டு "என் கார் முதலில் மெரூன்" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. சாம்பல் நிற சர்ஃபேசரும் இதே வேலையைக் காட்டும்.

ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த வயசு வண்டிக்குக் கதவோ பானட்டோ வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். கூரை, பின் மட்கார்டு, டிக்கியின் தரை என்று கழற்றி மாற்ற முடியாத மூன்று இடங்களில் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், நானே மாட்டிக்கொண்டது. கதவு அட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கூரையில் இப்படித் தேய்த்துத்தான் பச்சையைக் கண்டுபிடித்தேன். அதற்குக் கலந்து பானட்டையும் அடித்து முடித்தேன். பிறகுதான் கதவுக்குள் அந்த உள்ளங்கைப் பச்சையைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றல்ல, கூரைப் பச்சை சோகை பிடித்தது போல இருந்தது. காரணம் யோசித்தால் புரிகிறது. வெள்ளை அடிப்பதற்கு முன்பே அந்தப் பச்சை பல வருஷம் சேலத்து வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தது. வெளுத்ததை அப்படியே மூடிவைத்திருக்கிறார்கள். அடியில் இருப்பதால் மட்டும் அது பழுதில்லாத கலர் ஆகிவிடாது. பானட்டை மறுபடி அடித்தேன்.

"வெளுத்துப்போன பெயின்டைக் கம்பவுண்டு போட்டுத் தேய்ச்சா பழைய கலர் வந்துடாதா?"

மேலே சுண்ணாம்பு மாதிரிப் படிந்திருப்பது செத்துப்போன தோல். ரப்பிங் கம்பவுண்டு போட்டால் அது போய், அடியில் இருக்கும் உயிருள்ள பெயின்ட் தெரியும். சாம்பிள் எடுக்கும் முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். சிவப்பு, மஞ்சள் வகைகளில் வெளுப்பு ஆழமாக இறங்கியிருக்கும், தேய்த்தும் முழுதாக மீளாது. அவற்றுக்கு முதல் பதிலில் சொன்ன மறைவான இடங்களே கதி.

"எங்கப்பா கல்யாண போட்டோவுல கார் நல்லாத் தெரியுது. அதைப் பார்த்துக் கலந்து தர்றீங்களா?"

மாட்டேன். அந்தக் காலத்துக் கலர் பிரின்ட்டில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. நீலம் சார்ந்த சாயம் முதலில் போய்விட்டால் படம் முழுக்கச் செம்மை தட்டும். அப்பாவின் வெள்ளை வேட்டி படத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காரும் அந்த அளவுக்கு மாறியிருக்கும். இரண்டு கலர் வண்டியில் எது மேலே எது கீழே, சக்கரத் தட்டு வெள்ளையா கறுப்பா என்று தெரிந்துகொள்ளப் போட்டோ நன்றாக உதவும். செல்போன் படமும் இதே கதைதான், அது வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும்.

"மெஷின்ல வெச்சா அச்சு அசலா வந்துடுமாமே, அப்புறம் எதுக்குக் கண்ணு?"

ஸ்பெக்ட்ரோ மெஷின் நல்ல கருவி. பெயின்ட் மீது வெளிச்சம் பாய்ச்சி, எந்த அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து, தன்னிடம் இருக்கும் ஃபார்முலாக்களில் கிட்டத்தில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும். கவனிக்க வேண்டியது அந்தக் 'கிட்டத்தில்'. அதற்குத் தட்டையான, சுத்தமான, கம்பவுண்டு போட்ட ஓர் இடம் வேண்டும். மெழுகு, கீறல், வளைவு எதுவும் ஆகாது. கதவு மடிப்பில் விரல் அகலத்துக்குக் கிடைத்த சாம்பிளில் மெஷினின் வாயே உட்காராது.

மெஷின் கொண்டுபோய் விடுவது தெருமுனை வரைக்கும். அங்கிருந்து வீட்டைக் கண்டுபிடிப்பது கண்ணும் சொட்டுச் சொட்டாக ஊற்றும் கையும்தான்.

"கடையில பார்த்தப்ப ஒண்ணாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குப் போய் டியூப் லைட்டுல பார்த்தா வேற கலர்! ஏமாத்திட்டீங்களா?"

இல்லைங்க. இரண்டு பெயின்ட் வேறு வேறு சாயப்பொடிகளால் ஆனது என்றால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். பட்டுப்புடவைக்கு ரவிக்கைத் துணி எடுத்தவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், கடை வாசலுக்கு எடுத்துவந்து பார்ப்பார்கள்.

பழைய கார் விஷயத்தில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து மஞ்சள், பச்சை, ஆரஞ்சு பலவற்றில் ஈயம் கலந்த குரோம் மஞ்சள் இருந்தது. இப்போது கலக்கும் டின்டர்களில், அதாவது மூல நிறங்களில், பெரும்பாலும் அதற்குப் பதில் வேறு மஞ்சள்தான். சாயப்பொடி மாறினால் எல்லா வெளிச்சத்திலும் பொருந்துகிற ஃபார்முலா கிடைப்பது அரிது. அதனால் சாம்பிளை மூன்று வெளிச்சத்தில் பாருங்கள்: காலை ஒன்பது, பத்து மணிக்கு வெளியே நிழலில், நேர் வெயிலில், இரவு விளக்கில். மூன்றும் பொருந்தாவிட்டால் பகல் நிழலுக்கு ஓட்டுப் போடுங்கள். காரை ஊர் பார்ப்பது பகலில்தான்.

"நாங்களே வீட்டுல சொட்டுச் சொட்டாக் கலந்து பார்க்கலாமா?"

தாராளமாக. வெளிர் நிறத்தில் அடர் நிறத்தை ஊற்றுங்கள், திருப்பிச் செய்தால் டப்பா டப்பாவாக வீணாகும். மஞ்சளை அடர்த்தியாக்கக் கறுப்பு ஊற்றினால் பாசிப்பச்சை ஆகிவிடும், பழுப்போ காவியோ ஊற்றுங்கள். வெள்ளையின் கண்கூச்சத்தைக் குறைக்கக் கறுப்பு வேண்டும்தான், அதுவும் தீக்குச்சி முனையில் தொட்டு. கிராம் தராசு வைத்து ஒவ்வொரு சொட்டையும் எழுதிக்கொண்டே போங்கள். எழுதாமல் கலந்து அற்புதமாக வந்த கலர் மறுபடி வந்ததாக நான் பார்த்ததில்லை.

"டப்பாவுல சரியா இருக்கு, காய்ஞ்சதும் மாறுதே?"

டப்பாவில் பார்க்கவே கூடாது. பெரும்பாலான பெயின்ட் காய்ந்தால் ஒரு சாயல் இருட்டும். விரலில் தொட்டுக் காரில் தடவிப் பார்ப்பதும் பயனில்லை. பழைய தகர டின்னை வெட்டித் தட்டையாக்கி, காருக்கு அடிக்கப்போகும் அதே சர்ஃபேசர், அதே ஸ்ப்ரே கன், அதே தின்னர் அளவு, அதே எண்ணிக்கை கோட்டிங் அடியுங்கள். ஒரு நாள் காயவிட்டு, பாலிஷ் போட்டு, அதன் பிறகு மறைவிடத்துச் சாம்பிளை ஒட்டினாற்போல் வையுங்கள். நடுவில் ஓர் இழை இடைவெளி இருந்தாலும் கண் ஏமாறும்.

என் பத்மினிக்கு பதினொரு தகரத் துண்டு ஆயிற்று. ஒன்பதாவது போதும் என்றார் பெயின்டர். எனக்கு நீலம் துளி கூடுதலாகப் பட்டது.

"என்.சி. அடிக்கிறதா, பி.யூ. அடிக்கிறதா? பெயின்டர் 'டூக்கோ' அடிக்கிறேங்கிறார், அது என்ன?"

டூக்கோ என்பது டுபான்ட் கம்பெனி 1923ல் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ், அதாவது என்.சி., பெயின்டின் பெயர். 1924 மாடல் ஓக்லண்டு கார்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் அதை அடித்தது. அதுவரை வாரக்கணக்கில் காய்ந்த கார்கள் மணிக்கணக்கில் காய ஆரம்பித்தன. நம் ஊரில் பெயர் மட்டும் தங்கிவிட்டது; பீரோவுக்கு ஸ்ப்ரே அடித்தாலும் டூக்கோதான். அதனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் காரில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிய, மறைவான இடத்தில் என்.சி. தின்னர் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வையுங்கள். கலர் கரைந்து பஞ்சில் வந்தால் அது என்.சி. போன்ற லாக்கர். சுருங்கி உப்பினால் சிந்தடிக் எனாமல். அசையாமல் இருந்தால் பி.யூ. (பாலியூரித்தேன்) போல, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடித்தது. எனாமல் மேல் நேராக என்.சி. அடித்தால் சுருட்டிக்கொண்டு எழும். அப்படி ஆன ஒரு பெயின்டருக்கு மூன்று நாள் வேலை போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எதை அடிக்கலாம்? கலர் ஒன்றாகவே இருந்தாலும் பளபளப்பு வேறானால் பார்ப்பவருக்கு வேறு கலராகத்தான் படும். கலர் அடித்து மேலே நிறமில்லாத கிளியர் கோட்டும் போட்டால் பழைய கார் தேனில் முக்கி எடுத்தது போல நிற்கும். எனக்கு அது பிடிக்காது. என்.சி. அடித்துக் கையால் பாலிஷ் ஏற்றினால் வரும் ஆழமான மினுக்கம்தான் அந்தக் கால முகம். ஆனால் அது வெயிலுக்குச் சீக்கிரம் சோரும், அடிக்கடி பாலிஷ் கேட்கும். தினமும் ஓட்டும் வண்டி என்றால் கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சு பி.யூ. நல்ல சமரசம்.

"ஏற்காட்டுல எங்க ஷெட்டுலயே அடிச்சோம். மறுநாள் பார்த்தா வெள்ளை பூத்துக் கிடக்குது. கலர் தப்பாயிடுச்சா?"

கலர் தப்பில்லை, காற்று தப்பு. தின்னர் ஆவியாகும்போது பெயின்டின் மேற்பரப்பு குளிர்கிறது. மலையில் மூடுபனி இறங்கும் நேரத்தில் அந்தக் குளிர்ச்சிக்குக் காற்றிலுள்ள ஈரம் பூச்சின் மேலேயே படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. என்.சி.யில் இது அதிகம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை வெயிலேறிய பிறகு லேசாகப் புகை மாதிரி ஒரு கோட் அடித்தால் பல நேரம் வெள்ளை கரைந்துவிடும். அது போன பிறகு கலரைப் பாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் ஸ்ப்ரே வேலையே வைக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் அடித்துக்கொண்டு போவது மேல். கீழே மட்டும் சொர்க்கமா என்றால், சித்திரையில் தின்னர் காற்றிலேயே காய்ந்து சொரசொரக்கும், ஆடிக்காற்றில் புழுதி வந்து ஒட்டும். மாசி, பங்குனிக் காலை நேரம்தான் எங்கள் பெயின்டர்களுக்கு உகந்தது.

"ஒரே ஒரு மட்கார்டு மட்டும்தான் நசுங்கியிருக்கு. அதை மட்டும் அடிச்சா தெரியுமா?"

வெறும் கலராக இருந்தால் கெட்டிக்காரப் பெயின்டர் மறைத்துவிடுவார். இங்கே சாம்பிள் எடுக்கும் விதி தலைகீழ். முழு வண்டிக்கு மறைவிடத்துக் கலர் வேண்டும். ஒரு பாகத்துக்கு மட்டும் என்றால் பக்கத்தில் இருக்கும், வெளுத்த, இன்றைய கலரைத்தான் பிடிக்க வேண்டும். கலரைப் பக்கத்துக் கதவின்மீது கொஞ்சம் புகை மாதிரி அடித்துக் கரைத்துவிட்டால் எல்லை தெரியாது.

மெட்டாலிக் என்றால் கதை வேறு. அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் கலர். ஈரமாக அடித்தால் துகள் மூழ்கிக் கலர் இருட்டும், ஸ்ப்ரே கன்னைத் தள்ளிப் பிடித்து வறட்சியாக அடித்தால் வெளிறும். ஒரே டப்பாவை இரண்டு பெயின்டரிடம் கொடுத்தால் இரண்டு கலர் வரும்.

"பழைய பெயின்டைச் சுரண்டினா உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே?"

உண்மைதான். மேலே சொன்ன ஈயம் தூசியாகப் பறக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றியே தேயுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். ஹார்டனர் கலந்த பி.யூ. அடிப்பவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்த்தால் நிறுத்துங்கள். அந்தப் புகை ஆஸ்துமா வரவைக்கும். அதற்கென்று உள்ள மாஸ்க் வேண்டும்.

"எங்க எஸ்டேட் ஜீப் மிலிட்டரி ஏலத்துல எடுத்தது. அடியில ஆலிவ் பச்சை இருக்கு. அதையே அடிச்சுடலாமா?"

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறை வாகனம் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. "ஒரிஜினல் சார்" என்று செக்போஸ்டில் விளக்கிக்கொண்டு நிற்க முடியாது.

மூன்றாம் பதிலில் சொன்னபடி தேய்த்துப் பார்த்தால் பச்சைக்கு மேலே இன்னொரு கலர் வளையம் இருக்கும். ஏலத்துக்குப் பிறகு எஸ்டேட்டில் அடித்தது அது. அதைப் பிடியுங்கள். ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தர நிர்ணயக் கலர் கார்டோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். 692 ஸ்மோக் கிரே, 101 ஸ்கை புளூ மாதிரி ஏதாவது ஒன்றோடு ஒத்துப்போனால் கலக்கும் வேலையே மிச்சம்.

"ஒரிஜினல் கலர் எனக்குப் பிடிக்கலைங்க. வேற அடிச்சா?"

உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரிஜினலுக்கே திரும்பினாலும் ஆர்.சி.யில் இப்போது வேறு கலர் இருந்தால் இதே வேலை உண்டு. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் வந்த 'வி.ஏ.' வின்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்கள் சேஸிஸ், பாடி, எஞ்சினில் கை வைக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்.

"எவ்வளவு வாங்கணும்? மிச்சமானா என்ன பண்றது?"

பெயின்டர் சொல்வதோடு அரை லிட்டர் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலந்துகொள்ளுங்கள். இரண்டாம் முறை கலந்தது முதல் முறையோடு மயிரிழையாவது பிசகும். மிச்சத்தை விளிம்பு வரை நிரம்பும் சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் மூடுங்கள். கிராம் கணக்கு எழுதிய சீட்டையும், நன்றாக வந்த தகரத் துண்டையும் துணியில் சுற்றி இருட்டில் வையுங்கள்.

"மறைவான ரெண்டு இடத்துல பார்த்தேன். ரெண்டும் ஒரே வெள்ளையா இல்லை, ஒண்ணு மஞ்சள் பாய்ஞ்சிருக்கு. எதை நம்பறது?"

இதுதான் நான் கேட்டதிலேயே கெட்டிக்காரக் கேள்வி. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து அம்பாசடர் கொண்டுவந்த ஒரு பெரியவர் கேட்டார். இவ்வளவு நேரம் இருட்டில் இருந்ததை நம்புங்கள் என்றேன் அல்லவா? எனாமல் வெள்ளைக்கு அதில் ஒரு விதிவிலக்கு. அதிலுள்ள எண்ணெய்ப் பசை இருட்டில் பல வருஷம் கிடந்தால் மஞ்சள் பாயும். டிக்கி மூலையில் ஒளி படாமலே கிடந்தது மஞ்சளாகவும், கதவு மடிப்பில் அவ்வப்போது ஒளி பட்டது வெள்ளையாகவும் இருக்கக் காரணம் அதுதான்.

அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பெருமளவு இறங்கிவிடும். டிக்கியைத் திறந்து வைத்து, அந்த மூலையில் பாதியை அட்டையால் மூடி, மீதியில் நான்கைந்து நாள் பகல் வெளிச்சம் படவிடுங்கள் என்றேன். ஆறாம் நாள் பெரியவர் வந்தார். அட்டையை எடுத்தபோது நடுவில் ஒரு கோடு தெரிந்தது. வெளிச்சம் பட்ட பக்கத்தைக் கதவு மடிப்போடு ஒப்பிட்டோம், கிட்டத்தட்ட ஒன்று. அந்தப் பக்கத்துக்குத்தான் கலந்தேன்.